வேதியியலில் எதிர்பார்த்ததைவிட 14 மதிப்பெண் குறைவு: மறுகூட்டலா, மறுமதிப்பீடா?

காவிரிக்கரை
முடிவு வெளியான நாள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மகள் குளித்தலைக்கு அருகில் ஒரு பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். இன்று காலை தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் 95, இயற்பியலில் 92, வேதியியலில் 74. முதல் இரண்டும் நாங்கள் எதிர்பார்த்தவைதாம். வேதியியலில் மட்டும் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 முழுமையாகக் கிடைத்திருக்க, எழுத்துத் தேர்வில் 70-க்கு 44 என்று வந்திருக்கிறது.

தேர்வு முடிந்த அன்று இரவே அவள் பாடநூலை வைத்துச் சரிபார்த்து, வினாத்தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் நேராகப் பென்சிலால் மதிப்பெண் போட்டுக் கூட்டியிருந்தாள். எவ்வளவு கறாராகப் போட்டாலும் 58-க்குக் குறையாது என்றாள். இப்போது அந்த வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இருப்பா, இன்னொரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்கிறாள். நான்காவது முறையாகக் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

பொறியியல் கலந்தாய்வுக்கு இப்போதைய கணக்குப்படி அவளுடைய கட்-ஆஃப் 178. கணிதம் 95, இயற்பியலில் பாதி 46, வேதியியலில் பாதி 37. வேதியியலில் இரண்டு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் ஒன்று கூடும் என்பது எனக்குத் தெரியும். மறுகூட்டல் கேட்பதா, மறுமதிப்பீடு கேட்பதா, இரண்டையும் சேர்த்துக் கேட்கலாமா என்பதுதான் தெரியவில்லை. நான் நூற்பாலையில் வேலை செய்பவன். சில நூறு ரூபாய் என்றாலும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


நெல்லைச்சீமை
அன்றிரவு 10.15

ஐயா, மனம் நோகச் சொல்வதாக எண்ண வேண்டாம். என் அண்ணன் மகனுக்கு இரண்டு பாடங்களில் இதே போன்ற ஐயம் வந்தது. நகலும் வாங்கி, மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பித்தோம். மொத்தம் 1,560 ரூபாய் ஆயிற்று. ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த ஒரு மாதம் முழுவதும் பையன் வேறு எதையும் யோசிக்காமல் இணையதளத்தையே திறந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான். 178 நல்ல கட்-ஆஃப். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பார்க்கத் தொடங்குங்கள் என்பதே என் கருத்து.


கரும்பலகை
மறுநாள் காலை 6.20

காவிரிக்கரை ஐயா அவர்களுக்கு, நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கு உதவித் தேர்வாளராகவும், பிறகு கூர்ந்தாய்வு அலுவலராகவும் பல ஆண்டுகள் போய் வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை முழுமையாகச் சொல்கிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்ற கேள்விக்கு இப்போது விடை தேட வேண்டாம். முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள். நகலைப் பார்க்காமல் நேராக மறுகூட்டலுக்குப் பணம் கட்டியவர்களும் உண்டு. கட்டணம் குறைவு என்பதால் அப்படிச் செய்தார்கள். நான் அறிந்தவரை ஒரு பாடத்திற்கு நகல் கட்டணம் 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205 ரூபாய், உயிரியல் என்றால் 305 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். இந்த ஆண்டின் தொகையைத் தேர்வுத் துறையின் செய்திக்குறிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகல் பெற்றவர்கள்தாம் மறுமதிப்பீடு கேட்க முடியும். அந்த நேரத்திலும் ஒரு பாடத்திற்கு மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே 275 ரூபாய் கட்டி நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு செலவழிக்கலாமா கூடாதா என்று அப்போது முடிவெடுப்பதே சிக்கனமான வழி.

விடைத்தாளில் பிழை எங்கே நேரும் என்பதை முகாம் நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் விளங்கும். மாணவரின் புகைப்படமும் பதிவெண்ணும் உள்ள பகுதி அகற்றப்பட்ட பிறகே விடைத்தாள் ஆசிரியரின் கைக்கு வரும். யாருடைய தாள் என்று அவருக்குத் தெரியாது. மேல்நிலை வகுப்புக்கு ஓர் ஆசிரியர் காலையில் 12, பிற்பகலில் 12 என்று நாளொன்றுக்கு 24 தாள்களைத் திருத்துவார். வேதியியலில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், 6 இரண்டு மதிப்பெண் வினாக்கள், 6 மூன்று மதிப்பெண் வினாக்கள், 5 ஐந்து மதிப்பெண் வினாக்கள். ஒரு தாளில் 32 விடைகள் என்றால் ஒரு நாளைக்கு 768 விடைகள். ஒவ்வொன்றையும் படித்து, விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, உள்ளே மதிப்பெண் இட்டு, அதை முகப்புத் தாளின் கட்டத்தில் ஏற்றிக் கூட்ட வேண்டும். அதன்பின் கூர்ந்தாய்வு அலுவலர் விடுபட்டது உண்டா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து மீண்டும் மதிப்பிட்டுப் பார்ப்பார். இத்தனை கண்கள் பார்த்தும் தவறுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். சித்திரை வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பதினெட்டாவது தாளைத் திருத்தும் கைக்கு என்ன நேரும் என்பதை உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: தவறும். மிகச் சிலவே தவறும், ஆனால் தவறும்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புத் தாளில் ஏறாமல் போவது. இது மறுகூட்டலிலேயே சரியாகிவிடும். மற்றொன்று, விடையின் ஒரு பகுதி கண்ணில் படாமல் போவது; விடையைப் பாதியில் நிறுத்தி வேறு பக்கத்தில் தொடரும் பிள்ளைகளுக்கும், வினா எண்ணைத் தவறாக எழுதும் பிள்ளைகளுக்கும் இது நேரும். இதற்கு மறுமதிப்பீடுதான் வழி.

"நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், இன்னும் ஒரு மதிப்பெண் போட்டிருக்கலாம்" என்று தோன்றும் இடங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மறுமதிப்பீடு செய்யும் ஆசிரியரும் அதே விடைக்குறிப்பைத்தான் கையில் வைத்திருப்பார். அதோடு, மறுமதிப்பீடு என்றால் நீங்கள் ஐயப்படும் வினாவை மட்டும் பார்ப்பதில்லை, தாள் முழுவதையும் பார்ப்பார்கள். முதலில் திருத்தியவர் தாராளமாகப் போட்ட இடத்தில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும்.


ஒத்தக்கடை அம்மா
அன்று காலை 11.05

கரும்பலகை ஐயாவுக்கு நன்றி. என் மகன் வணிகவியல் பிரிவு. கணக்குப்பதிவியலில் 68 வந்திருக்கிறது. 80 வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளியில் கேட்டால், "வீண் வேலை அம்மா, எதுவும் மாறாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பள்ளி மறுத்தால் நாங்களே இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்க இயலுமா?


கரும்பலகை
அன்று பிற்பகல் 1.30

அம்மா, பள்ளி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளி வழியாகவும், தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையம் வழியாகவும் விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. விண்ணப்பத்தை வாங்கிப் பதிவேற்றுவது பள்ளியின் கடமை. மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. தலைமையாசிரியரை நேரில் பார்த்து, மகனின் பதிவெண்ணையும் பாடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அப்படியும் தட்டிக்கழித்தால் மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். நாள் கடத்தாதீர்கள். நகல் கோருவதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு வாரத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும்; கடைசித் தேதிக்குப் பிறகு எவ்வளவு நியாயமான காரணமாக இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பணம் கட்டியதும் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதிலுள்ள விண்ணப்ப எண் இல்லாமல் நகலைப் பதிவிறக்க முடியாது.


மூன்றாமாண்டு மாணவி
அன்று மாலை 5.50

பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்லலாமா? மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மாடிப்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உயிரியலில் குறைந்தது. விலங்கியல் பகுதியில் 35-க்கு 19.

அன்று எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "விடைத்தாள் மாறிப்போயிருக்கும், மறுமதிப்பீட்டில் இருபது மதிப்பெண் கூடிவிடும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். என்மேல் வைத்த அன்பினால்தான் சொன்னார். ஆனால் எனக்குள் பயம் ஏறிக்கொண்டே போனது. ஏனென்றால், இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றை நான் அரைகுறையாகத்தான் எழுதியிருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நகல் வந்தபோது அதை அப்பாவுக்கு முன் திறக்க முடியாமல் அழுதுவிட்டேன். திறந்து பார்த்தால் போட்ட மதிப்பெண் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரிம்மா, இதை இப்படியே விட்டுவிடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

எனவே ஐயா, உங்கள் மகளிடம் நகல் வருவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: தவறு அவள் பக்கம் இருந்தாலும் வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று. அதைச் சொன்னால்தான் அவளால் தன் விடைத்தாளை நேர்மையாகப் படிக்க முடியும். யாருக்காவது மனச்சோர்வு அதிகமாக இருந்தால் 104 என்ற எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். நான் பேசியிருக்கிறேன், பொறுமையாகக் கேட்டார்கள்.


காவிரிக்கரை
அன்றிரவு 8.30

மகளே, நீ எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சாப்பிட வந்தாள்.

இன்று பள்ளிக்குப் போய் வேதியியல் நகலுக்குப் பணம் கட்டிவிட்டேன். அலுவலகத்தில் எனக்கு முன்னால் ஒன்பது பெற்றோர் நின்றார்கள். எழுத்தர் அம்மையார் பதிவெண்ணை வாய்விட்டு இரண்டு முறை படித்துச் சரிபார்த்த பிறகே பதிவேற்றினார். அந்தக் கவனம் மனத்துக்கு நிறைவாக இருந்தது.


முறைமன்றம்
மூன்றாம் நாள், காலை 10.00

நான் வழக்குரைஞர். "விடைத்தாளைப் பார்ப்பது நம் உரிமையா, அவர்கள் காட்டும் சலுகையா?" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

1984-இல் மகாராட்டிரக் கல்வி வாரியத்துக்கும் பரிதோஷ் பூபேஷ்குமார் சேத் என்பவருக்கும் இடையிலான வழக்கில், விதியில் இடமில்லாதபோது விடைத்தாளைப் பார்வையிடவோ மறுமதிப்பீடு கேட்கவோ மாணவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகள் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் நாட்டின் பல தேர்வு வாரியங்கள் நகல் தர மறுத்துவந்தன. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. சிபிஎஸ்இ-க்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாள் அச்சட்டத்தின்படி ஒரு தகவலே, எழுதியவர் அதைப் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை உடையவர் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. திருத்திய ஆசிரியரின் பெயரை மட்டும் வெளியிட வேண்டியதில்லை என்றது. அந்த ஆசிரியரின் பாதுகாப்பைக் கருதினால் அதுவும் நியாயமே.

இரண்டு எச்சரிக்கைகள். பார்க்கும் உரிமை வேறு, மதிப்பெண்ணை மாற்றச் சொல்லும் உரிமை வேறு. பின்னது அந்தந்த வாரியத்தின் விதியில் இருந்தால்தான் உண்டு. நம் மாநிலத்தில் மறுமதிப்பீட்டுக்கு இடம் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அடுத்து, மறுமதிப்பீட்டிலும் நிறைவு இல்லை என்று நீதிமன்றம் போக நினைப்பவர்கள் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ரண் விஜய் சிங் வழக்கின் தீர்ப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும். நீதிபதிகள் தாமே விடைத்தாளைத் திருத்த முற்படக் கூடாது, ஐயம் எழும் இடங்களில் அதன் பயன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போக வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது.

பத்து ரூபாயில் தகவல் உரிமை மனுப் போட்டு நகல் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மறுமதிப்பீட்டுக்கான தேதி போய்விடும். கலந்தாய்வை எதிர்நோக்கும் மாணவர்கள் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கட்டும்.


காவிரிக்கரை
நகல் வந்த நாள், இரவு 10.50

நகல் வந்துவிட்டது. முன்கூட்டியே அச்சிட்டுக்கொண்டால் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்க வசதி என்று கரும்பலகை ஐயா தனியே சொல்லியிருந்தார். அப்படியே அச்சிட்டு, கூடத்தில் பாய் விரித்து, வினாத்தாள், பாடநூல், விடைக்குறிப்பு எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு நானும் அவளும் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது மணி ஒன்பதரை. கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

வினா 38-இல் ஆல்டால் குறுக்க வினையும் அதன் வழிமுறையும் எழுதியிருக்கிறாள். உள்ளே ஐந்துக்கு நான்கு என்று போட்டு வட்டமிட்டிருக்கிறார்கள். முகப்புத் தாளில் 38-ஆம் எண்ணுக்கு எதிரே உள்ள கட்டம் காலியாக இருக்கிறது. நான் முதலில் நம்பவில்லை. கூட்டிப் பார்த்தால் அந்த நான்கு இல்லாமல்தான் 44 வருகிறது.

வினா 36-இல் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை வருவிக்க வேண்டும். பாதி எழுதியதும் பக்கம் முடிந்திருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஏற்கெனவே வேறொரு விடையைத் தொடங்கியிருந்ததால், "தொடர்ச்சி கடைசிப் பக்கத்தில்" என்று எழுதிவிட்டு, மீதியைக் கடைசிப் பக்கத்தில் முடித்திருக்கிறாள். முதல் பாதிக்கு இரண்டு மதிப்பெண் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையின் ஒரு புள்ளிகூட இல்லை.

இனி அவள் பக்கத்துத் தவறுகள். ஒரு மதிப்பெண் வினாக்கள் இரண்டில் குறியீட்டை "இ" என்று போட்டுவிட்டு, விடையை "ஈ"-க்கு உரியதாக எழுதியிருக்கிறாள். விடை சரி, குறியீடு தவறு. இரண்டுக்கும் சுழியம். வினா 33-இல், முதல்வகை வினை 99.9 விழுக்காடு நிறைவடைய ஆகும் காலம் அரைவாழ்காலத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்று நிறுவ வேண்டும். மடக்கைக்குள் மேலே இருக்க வேண்டிய செறிவைக் கீழே எழுதிவிட்டதால் மூன்றுக்கு ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும், "அப்பா, இது என் தப்புதான்" என்று அவளே பென்சிலால் கோடு போட்டாள். இன்னும் மூன்று இடங்களில் தலா ஒரு மதிப்பெண் குறைந்திருக்கிறது. அவை சரியா தவறா என்று எங்களால் தீர்மானிக்க முடியவில்லை.

ஆக, குறைந்த 14-இல் ஏழு மதிப்பெண் அவள் மேல் பிழை இல்லாமல் போனது. மேற்கொண்டு என்ன செய்வது?


கரும்பலகை
மறுநாள் காலை 5.55

இவ்வளவு ஒழுங்காகப் பார்த்த பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை ஐயா.

ஒரு மதிப்பெண் வினாக்களை விட்டுவிடுங்கள். "குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்" என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டில் ஒன்று தவறானாலும் சுழியம் தர வேண்டும் என்பது விடைக்குறிப்பில் உள்ள கட்டளை. அதை மீற எந்த ஆசிரியருக்கும் அதிகாரம் இல்லை. ஆண்டுதோறும் நல்ல பிள்ளைகள் இதில் ஒன்றிரண்டு இழப்பதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். அடுத்த ஆண்டு தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

38-ஆம் வினாவின் நான்கு மதிப்பெண்ணுக்கு மறுகூட்டலே போதும். ஆனால் 36-இன் தொடர்ச்சியை மறுகூட்டலில் யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டில் ஒன்றுதான் கேட்கலாம் என்பதால் மறுமதிப்பீடே கேளுங்கள். தாளை முழுதாக மதிப்பிட்டு மீண்டும் கூட்டும்போது 38-உம் தானாகவே சேர்ந்துவிடும். குறையும் வாய்ப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தவரை எங்கும் தாராளமாகப் போட்டதாகத் தெரியவில்லை. என் மகளாக இருந்தால் விண்ணப்பிப்பேன்.


நெல்லைச்சீமை
அன்று காலை 9.10

நான் முதல் நாள் சொன்னதைக் காவிரிக்கரை ஐயாவின் விஷயத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கட்டத்தில் ஏற்ற மறந்தது திருத்தியவரின் பிழை. அதைக் கண்டுபிடிக்க 275, சரிசெய்ய 505, ஆக 780 ரூபாயை நூற்பாலைத் தொழிலாளி ஏன் கட்ட வேண்டும்? மதிப்பெண் கூடினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதே முறை. பணம் இல்லாத காரணத்தால் நகல் கேட்காமலேயே இருந்துவிட்ட வீடுகளில் எத்தனைக் காலிக் கட்டங்கள் இருக்குமோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.


கரும்பலகை
அன்று காலை 11.40

உங்கள் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. எனக்கும் அதே கருத்துதான். பிழை உறுதியானால் கட்டணம் திரும்ப வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் நகலையாவது இலவசமாகத் தர வேண்டும் என்று ஆசிரியர் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் வரும்போது, திருத்தியவரிடமும் கூர்ந்தாய்வு செய்தவரிடமும் விளக்கம் கேட்பதுண்டு. அப்படி ஒருமுறை என்னிடமும் கேட்டார்கள். நான் கூர்ந்தாய்வு செய்த ஒரு தாளில் பின்பக்கத்து விடை ஒன்று விடுபட்டிருந்தது. அந்த மாணவருக்கு மூன்று மதிப்பெண் கூடியது. விளக்கக் கடிதம் எழுதிய இரவு எனக்கு வந்த அச்சம் வேலையைப் பற்றியது இல்லை. நகல் கேட்டவருடைய தாள் இது, கேட்காதவர்களுடைய தாள்கள் என் கையில் எத்தனை போயினவோ என்ற எண்ணம்தான் உறங்கவிடவில்லை. அதற்குப் பின் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தாளிலும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒருமுறை புரட்டிய பிறகே கையொப்பமிட்டேன். காவிரிக்கரை ஐயாவின் மகள் தாளை அப்படி ஒருவர் புரட்டியிருந்தால் நமக்கு இந்த உரையாடலே தேவைப்பட்டிருக்காது.


ஒத்தக்கடை அம்மா
அன்று மாலை 4.25

என் மகனுடைய நகலும் வந்தது. கூட்டல் சரியாக இருக்கிறது, விடுபட்ட விடையும் இல்லை. கூட்டாளி விலகல் பற்றிய ஐந்து மதிப்பெண் கணக்கில் மறுமதிப்பீட்டுக் கணக்கை, அதாவது நிறுவனத்தின் சொத்து, பொறுப்புகளின் மதிப்பு மாற்றத்தைக் காட்டும் கணக்கை, தலைகீழாகப் போட்டிருக்கிறான். லாபம் வர வேண்டிய இடத்தில் நட்டம் வந்திருக்கிறது. அந்தப் பிழை கூட்டாளிகளின் மூலதனக் கணக்கு வரை போய்விட்டது. அவன் மேலும் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறான். கரும்பலகை ஐயாவிடம் பக்கங்களை அனுப்பினேன், வேண்டாம் என்றார். அவனோ, கேட்காமல் விட்டால் வாழ்நாள் முழுவதும் மனத்தில் அரித்துக்கொண்டிருக்கும் என்கிறான். 505 ரூபாய் கட்டிவிட்டேன். தவறு என்று தெரிந்தே கட்டினேன்.


காவிரிக்கரை
மறுமதிப்பீட்டு முடிவு வந்த நாள், மாலை 6.15

இன்று பிற்பகல் பட்டியல் வெளியானது. மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்களை மட்டும் வரிசையாகக் கொடுத்திருந்தார்கள்; பட்டியலில் இல்லாத எண்களுக்கு மாற்றம் இல்லை என்று பொருள். நான் ஆலையில் இருந்தேன். அவள் அழைத்து, "அப்பா, நம் எண் இருக்கிறது" என்றாள். எவ்வளவு என்று அப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துத் திறந்து பார்த்தோம்.

எழுத்துத் தேர்வில் 50. மொத்தம் 80. ஆறு மதிப்பெண் கூடியிருக்கிறது. முகப்புத் தாளில் ஏறாத நான்கும், நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் தொடர்ச்சிக்கு இரண்டும் வந்திருக்கும் என்று நினைக்கிறோம். மூன்று வரும் என்று எண்ணியிருந்தோம். இறுதிச் சமன்பாட்டில் வெப்பநிலை மதிப்பை இட்டு முடிக்கவில்லை, அதனால் ஒன்று போயிருக்கும் என்று அவளே சொல்கிறாள். கட்-ஆஃப் 178-இலிருந்து 181 ஆகிவிட்டது. நாங்கள் ஐயப்பட்ட மற்ற மூன்று இடங்களிலும் எதுவும் கூடவில்லை.


ஒத்தக்கடை அம்மா
அன்று மாலை 7.00

மிகவும் மகிழ்ச்சி ஐயா. என் மகன் எண் பட்டியலில் இல்லை. மூன்று முறை தேடினான். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டுத் தம்பியோடு பந்தாடப் போய்விட்டான். இளங்கலை வணிகவியலுக்கு இரண்டு கல்லூரிகளில் விண்ணப்பித்திருக்கிறோம்.


கரும்பலகை
அன்றிரவு 8.10

இருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.

காவிரிக்கரை ஐயா, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திருத்தப்பட்ட மதிப்பெண் உள்ள தற்காலிகப் பட்டியலை இன்றே பதிவிறக்கி, இரண்டு படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலைக் கிழித்துவிட வேண்டாம். ஆனால் இனி எங்கும் அதைக் கொடுக்க வேண்டாம். கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல் வந்ததும் வேதியியல் 80 என்று இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 74 என்றே இருந்தால், குறைகளைத் தெரிவிக்கத் தரப்படும் சில நாள்களுக்குள் சேவை மையத்துக்குப் புதிய பட்டியலுடன் நேரில் போய்விடுங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.


காவிரிக்கரை
அன்றிரவு 8.35

அப்படியே செய்கிறேன் ஐயா. படிகள் எடுத்தாகிவிட்டது. சேவை மையம் கரூரில் இருக்கிறது. தேவைப்பட்டால் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளையும் அழைத்துப் போகிறேன். பென்சிலால் கூட்டிய அந்த வினாத்தாளையும் எடுத்து வரட்டுமா என்று கேட்கிறாள்.